மாத்திரையா, பேச்சா? - சுனாமிக்குப் பிறகு மனதுக்கு மருந்து தேடிய கதை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அந்த அதிர்வு தண்ணீராகத் தமிழகக் கரையில் வந்து ஏறியது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலையோரம் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பாத்திகள், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள், மேற்கே கழுவெளி நீர்நிலை, கிழக்கே வரிசையாக மீனவர் குப்பங்கள். நாகையோடு ஒப்பிட்டால் மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் உயிர்ச்சேதம் மிகவும் குறைவு. அதனாலேயே செய்திகளிலும் இந்தக் கரையின் பெயர் குறைவாகவே வந்தது. ஆனால் படகு போனவர்கள், வீடு போனவர்கள், தண்ணீர் துரத்த ஓடிப் பிழைத்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள்.

நிவாரணம் என்றால் முதலில் கணக்கெடுப்பு. இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 1 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 1 லட்சம். கட்டுமரத்துக்கு ஒரு தொகை, வலைக்கு ஒரு தொகை, குடிசைக்கு ஒரு தொகை. கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உடனே புரியும். விலை போடக்கூடிய இழப்புக்குத்தான் பட்டியலில் இடம். மூன்று மாதமாகத் தூங்காத மனிதருக்கும், கடல் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும் பெண்ணுக்கும் எந்தப் பட்டியலிலும் பத்தி இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்பதில் உலகம் ஏறக்குறைய நூறு வருடமாகத் தடுமாறி வந்திருக்கிறது. ஒரு பக்கம் "பேச வையுங்கள்" என்றது. இன்னொரு பக்கம் "மாத்திரை கொடுங்கள்" என்றது. இரண்டும் கைகோர்த்த கதை கொஞ்சம் நீளமானது. அதில் தமிழகத்துக்கும் இடம் உண்டு.

நீலகிரியிலிருந்து போர் மருத்துவமனைக்கு

முதலாம் உலகப் போரில் காயமே இல்லாத வீரர்கள் நடுங்கினார்கள், ஊமையானார்கள், இரவில் அலறினார்கள். சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் 'லான்செட்' இதழில் இதை எழுதியபோது பயன்படுத்திய சொல் 'ஷெல் ஷாக்'. குண்டு வெடிப்பின் அதிர்ச்சி என்று பொருள். பல இடங்களில் இவர்களுக்குக் கிடைத்தது கோழை என்ற பட்டம். சிலருக்கு மின்சார அதிர்ச்சியும் கிடைத்தது.

ஸ்காட்லாந்தில் கிரேக்லாக்கார்ட் என்ற மருத்துவமனையில் மட்டும் ஒருவர் வேறு வழியில் போனார். அவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். நடந்ததை மறந்துவிடு என்று மற்றவர்கள் சொன்னபோது, நடந்ததைச் சொல்லு, தாங்கிக்கொள்ளும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார் என்றார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் 1917இல் இவரிடம் சிகிச்சை பெற்றார். இதே ரிவர்ஸ் அதற்குப் பதினைந்து வருடம் முன்பு நீலகிரி மலையில் தோடர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர்கள் உறவுமுறைகளையும் சடங்குகளையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர். தோடர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1906இல் வந்தது. பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவருக்குப் போர் வருவதற்கு முன்பே இருந்தது.

போர் முடிந்ததும் உலகம் இதை மறந்தது. அடுத்த போரில் மறுபடியும் கண்டுபிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் நிலைமை பெரிய விவாதமான பிறகுதான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 'பிடிஎஸ்டி' என்ற பெயர் ஏறியது. தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று சொல்கிறார்கள். போர் மட்டுமல்ல, விபத்து, பாலியல் வன்முறை, இயற்கைச் சீற்றம் எல்லாமே இதை உண்டாக்கும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

மாத்திரையின் பக்கம்

மனச்சோர்வு மாத்திரைகளின் கதை தற்செயலில் தொடங்குகிறது. காசநோய்க்காகக் கொண்டுவரப்பட்ட ஐப்ரோனியசிட் என்ற மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகள் 1950களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைக்கிறது என்று 1957இல் எழுதினார். 1987இல் அமெரிக்காவில் ஃப்ளூயோக்ஸடின் அனுமதி பெற்றது. பக்க விளைவு குறைவு, அளவு கூடினாலும் பழைய மருந்துகள் அளவுக்கு ஆபத்தில்லை. அதனால் மனநல மருத்துவர் அல்லாத சாதாரண மருத்துவரும் எழுதித் தர முடிந்தது. அதே வகையைச் சேர்ந்த செர்ட்ரலின் 1999இலும் பராக்ஸடின் 2001இலும் பிடிஎஸ்டிக்கு என்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதே காலத்தில் பேச்சு சிகிச்சையும் வளர்ந்தது. ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வுக்கு அறிவுசார் சிகிச்சையை உருவாக்கினார். எட்னா ஃபோவா 1980களில் பிடிஎஸ்டிக்கு ஒரு முறையை வகுத்தார். பாதிக்கப்பட்டவர் அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை பாதுகாப்பான அறையில், நம்பிக்கையான ஒருவர் முன் பலமுறை சொல்கிறார். தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் போகிறார். ரிவர்ஸ் செய்ததன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம் என்றே சொல்லலாம்.

சுனாமிக்கு முன் தமிழகம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை 1794இலேயே வந்துவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நீண்ட காலம் அது அடைத்து வைக்கும் இடமாகத்தான் இருந்தது. இந்த நிலைமையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் அவர் 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்க வைத்தது. சிகிச்சை என்பது நோயாளிக்கு மட்டும் கொடுப்பதல்ல, வீட்டையும் சேர்த்துக்கொள்வது என்ற யோசனை இங்கே இறக்குமதியாக வந்ததல்ல. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கே மருந்து கிடையாது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான்.

பேரழிவுக்குப் பிந்தைய மனநலம் என்பதில் இந்தியாவுக்குப் பாடம் சொன்னது போபால். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கைக்கு மனநல மருத்துவர்கள் போதவே மாட்டார்கள் என்பது தெரிந்துபோனது. எனவே பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ஆர். சீனிவாச மூர்த்தி போன்றவர்கள் அங்கே வேலை பார்த்த பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு 1999 ஒரிசா புயல், 2001 குஜராத் பூகம்பம் இரண்டிலும் மருத்துவர் அல்லாத கிராமத்து ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது.

இடையில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்ததில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே அறிவிக்கப்பட்டு, தமிழகத்தில் முதலில் திருச்சி மாவட்டத்துக்கு வந்திருந்தாலும், பெரும்பாலான மாவட்டங்களில் மனநல சிகிச்சை எட்டாத தூரத்தில் இருந்தது என்பதை ஏர்வாடி நாட்டுக்கே காட்டியது. இந்த நிலைமையில்தான் கடல் வந்தது.

முதல் சில வாரங்கள்

சுனாமிக்குப் பிறகு கரைக்கு அரிசி, துணி, பாய் எல்லாம் லாரி லாரியாக வந்தன. அவற்றோடு கவுன்சிலிங்கும் வந்தது. உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள், வெளிநாட்டவர்களும் வந்தார்கள். அப்போது உலகில் புழக்கத்தில் இருந்த ஒரு முறை, சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததைக் கொட்டச் சொல்வது. ஜெஃப்ரி மிச்செல் என்பவர் 1983இல் தீயணைப்பு ஊழியர்கள் போன்றவர்களுக்காக உருவாக்கியது இது. ஆனால் சுனாமிக்கு முன்பே, 2002இல், காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதை அலசிப் பார்த்திருந்தது. இந்த ஒற்றை அமர்வு பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கலாம், கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்பதே அதன் முடிவு. ரிவர்ஸின் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவர் நோயாளியின் வேகத்தில் போனார். இது நேரம் வைத்துக் கொட்டச் சொன்னது.

மாத்திரையிலும் இதே மாதிரி ஒரு அவசரம் உண்டு. தூக்கம் வரவில்லை என்று சொல்பவருக்கு டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரை கொடுத்து அனுப்புவது மிகச் சுலபம். அன்றிரவு தூக்கம் வரும். ஆனால் பேரதிர்ச்சி நினைவை அது தீர்ப்பதில்லை, பழக்கமாகவும் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

எத்தனை பேருக்கு உண்மையிலேயே நோய் வந்தது? இங்கேதான் எண்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. தமிழகத்து மீனவக் கிராமம் ஒன்றில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2007இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்தது. அதில் பிடிஎஸ்டி இருந்தவர்கள் 12.7 சதவீதம். அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வில், தமிழகத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடையே தீவிரக் கட்டத்தில் 70.7 சதவீதம். இரண்டும் பொய்யல்ல. வயது வேறு, இடம் வேறு, கேட்ட கேள்வி வேறு, கேட்ட காலமும் வேறு. ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் இருக்கும், மாதங்கள் போகப் போகப் பலருக்குத் தானாகவே அடங்கும், ஒரு பகுதியினருக்கு மட்டும் நோயாகத் தங்கிவிடும் என்பதை இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தானாக ஆறப்போகிறவர் யார், தங்கிவிடப்போகிறவர் யார் என்று முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் மாத்திரை என்பதும் தப்பு, யாருக்கும் வேண்டாம் என்பதும் தப்பு.

நிம்ஹான்ஸ் குழுக்கள் தமிழகத்திலும் அந்தமானிலும் இறங்கி, ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்குப் பயிற்சி கொடுத்தன. ஸ்கார்ஃப் நாகைப் பகுதியில் உள்ளூர் ஊழியர்களைத் தயார்படுத்தியது. சினேகா தன்னார்வலர்கள் உறவுகளை இழந்த மீனவக் குடும்பங்களுக்குத் தொடர்ந்து ஆதரவு கொடுத்தார்கள். பிறகு அந்த ஆதரவு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு 2008இல் ஒரு ஆய்வு வெளியானது. ஆதரவு பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கேட்டவர்கள் யாரும் டாக்டர்கள் அல்ல.

மரக்காணத்துக்குத் தெற்கே, அதே மாவட்டத்தில் இருக்கும் ஆரோவில்லில் நடந்தது இன்னும் எளிமையானது. 2005இல் உமா பிரஜாபதியின் 'உபாசனா' துணி வடிவமைப்பு நிறுவனம் மீனவப் பெண்களுக்கு மிஞ்சிய துணித்துண்டுகளில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் 'சுனாமிகா'. அதிர்ச்சியிலிருந்து மீளக் கையில் ஒரு வேலை என்ற எண்ணத்தில் தொடங்கியது, ஆறு கிராமங்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட பெண்களைச் சென்றடைந்தது. பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுப்பார்கள். நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி. இதைச் சிகிச்சை என்று மருத்துவப் புத்தகம் சொல்லாது. ஆனால் ஒன்றாக உட்கார்ந்து, கை வேலையில் இருக்க, வாய் தானாகப் பேசும் என்பது எந்தத் திண்ணைக்கும் தெரிந்த விஷயம்.

பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் கடினம். அங்கே சுனாமி வந்தது போருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாகப் போர்க்காயம் பட்ட மனங்களைப் பற்றி எழுதி வந்தவர். தனி மனிதருக்கு மட்டுமல்ல, ஒரு சமூகத்துக்கே காயம் படும் என்பது அவருடைய வாதம். இலங்கையின் வடகிழக்கில் சுனாமியில் சிக்கிய 31 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் சிகிச்சை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நடந்ததைக் கதையாக வரிசைப்படுத்திச் சொல்லும் முறை, மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2008இல் வெளியான முடிவில் இரண்டு பக்கமும் பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள்.

ஒரே உடம்பில் இரண்டு நோய்

பிடிஎஸ்டி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 1995இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், பிடிஎஸ்டி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு நோயும் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு மீனவரை வைத்து யோசித்துப் பார்க்கலாம். அலையில் மகளைப் பறிகொடுத்தவர். கடலைப் பார்த்தால் அந்தக் காலை திரும்ப வருகிறது. அதனால் கடலுக்குப் போவதில்லை. இது பிடிஎஸ்டியின் தவிர்ப்பு. கடலுக்குப் போகாததால் வருமானம் இல்லை, கூட்டாளிகள் இல்லை, வீட்டில் மதிப்பு இல்லை. கையை விட்டது நான்தானே என்ற குற்ற உணர்வு வேறு. இதில் மனச்சோர்வு வருகிறது. சோர்வு வந்த பிறகு எழுந்து போய்க் கடலைச் சந்திக்கும் தெம்பு இல்லை. எனவே தவிர்ப்பு இன்னும் இறுகுகிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் இரண்டு கை மாதிரி.

பேச்சு சிகிச்சை இந்த வளையத்தைத் தவிர்ப்பு என்ற இடத்தில் அறுக்கிறது. முதலில் சாலையில் நின்று அலைச்சத்தம் கேட்பது, பிறகு மணலில் உட்காருவது, பிறகு கால் நனைப்பது. ஆனால் அதற்கு வாரா வாரம் வர வேண்டும், சொன்னதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். கடுமையான சோர்வில் இருப்பவரால் அது முடிவதில்லை. மாத்திரை மறுமுனையில் அறுக்கிறது. தூக்கம், பசி, தெம்பு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறிய பிறகும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். இதை யாராவது சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் பத்தாவது நாளில் "ஒண்ணும் கேட்கலை" என்று நிறுத்திவிடுவார்கள். மாத்திரையும் வேலை செய்ய வேண்டுமானால் பேச்சு வேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. சோதனையில் என்ன தெரிந்தது?

மார்ட்டின் கெல்லர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரிடம் நடத்திய பரிசோதனை புகழ்பெற்றது. மாத்திரை மட்டும் பெற்றவர்களிலும் பேச்சு மட்டும் பெற்றவர்களிலும் 48 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 சதவீதம். (அதில் பயன்பட்ட நெஃபசோடோன் மருந்து கல்லீரலைப் பாதிப்பதாகத் தெரிந்து பின்னர் பல நாடுகளில் விலக்கப்பட்டது.) இதே புள்ளிவிவரத்தை 2003இல் சார்லஸ் நெமராஃப் குழுவினர் வேறு கோணத்தில் பார்த்தார்கள். சிறுவயதில் பெற்றோரை இழந்தவர்கள், துன்புறுத்தப்பட்டவர்கள் போன்றோரைத் தனியாகப் பிரித்தபோது, அவர்களுக்கு மாத்திரையைவிடப் பேச்சு கூடுதலாக உதவியிருந்தது. மாத்திரையைச் சேர்த்ததால் கிடைத்த கூடுதல் லாபம் சிறியதே. காயத்தில் முளைத்த சோர்வுக்குப் பேச்சைத் தவிர்க்க முடியாது என்பதற்கு இது ஒரு பலமான குறிப்பு.

பிடிஎஸ்டியில் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. இரண்டையும் சேர்ப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2010இல் காக்ரேன் தொகுப்பு முடிவு சொன்னது. அப்போது கிடைத்த பரிசோதனைகளே நான்குதான். 2019இல் அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களிடம் செர்ட்ரலினையும் ஃபோவா முறையையும் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தபோது எல்லாப் பிரிவிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் பிரிவுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே இரண்டையும் சேர்த்தால் எப்போதும் இரட்டிப்பு லாபம் என்று கணக்குப் போடக் கூடாது. முன்பு சொன்ன 2013 வழிகாட்டி இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரியவர்களின் பிடிஎஸ்டிக்கு முதலில் பேச்சு சிகிச்சை. மாத்திரை முதல் வரிசையில் இல்லை. ஆனால் பேச்சு பலிக்காவிட்டாலோ, அது கிடைக்கவே வழி இல்லாவிட்டாலோ, நடுத்தரமான அல்லது கடுமையான மனச்சோர்வு சேர்ந்திருந்தாலோ மாத்திரையையும் யோசிக்கலாம். இரண்டு நோயும் சேர்ந்து வந்த அந்த மீனவர் இந்தக் கடைசி வரியில்தான் வருகிறார்.

பேசுவதற்கு ஆள் எங்கே?

வழிகாட்டி சொல்லிவிட்டது. ஒரு குப்பத்தில் பேச்சு சிகிச்சை கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாத்திரையைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். மனிதரை அப்படி அனுப்ப முடியாது. இதற்கு இந்தியாவிலேயே கிடைத்த பதில் கோவாவிலிருந்து வந்தது.

டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் முதலில் செய்த பரிசோதனை 2003இல் வெளியானது. அதில் இரண்டு மாதத்தில் ஃப்ளூயோக்ஸடின் பலன் தந்தது, பேச்சு சிகிச்சை தோற்றது. அதோடு விட்டிருந்தால் மாத்திரையே போதும் என்று கதை முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களைச் சில வாரங்கள் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். லேசான பாதிப்புக்கு விளக்கமும் ஆலோசனையும். கூடுதல் பாதிப்புக்கு டாக்டர் எழுதும் மாத்திரை, அதோடு பேச்சு. வராதவர்களைத் தேடிப் போவதும் ஆலோசகரின் வேலை. 24 மருத்துவ நிலையங்களில் நடந்த இந்த 'மானஸ்' பரிசோதனையின் முடிவு 2010இல் 'லான்செட்'டில் வந்தது. அரசு சுகாதார நிலையங்களில் ஆலோசகர் இருந்த இடத்தில் குணமானவர்கள் அதிகம். தனியார் மருத்துவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை.

போபாலில் பொது மருத்துவர், ஒரிசாவிலும் குஜராத்திலும் கிராமத்து ஊழியர், சுனாமியில் அங்கன்வாடிப் பணியாளர், கோவாவில் பயிற்சி பெற்ற ஆலோசகர் என்று ஒரே யோசனைதான் இருபத்தைந்து வருடமாக வளர்ந்து வந்திருக்கிறது. நிபுணர் மேலே இருந்து வழிநடத்தட்டும், வாசலுக்கு வருபவர் ஊர்க்காரராக இருக்கட்டும்.

உப்பும் மழையும்

மரக்காணம் கரைக்கு சுனாமி கடைசிச் சோதனையாக இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் அருகிலேயே கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 14 பேரைக் கொன்றது. ஒரு குப்பத்தில் ஒரே வாரத்தில் இத்தனை சாவு என்றால் அது அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு பேரலைதான். அதற்கு மட்டும் கடல் காரணமில்லை.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்தால் ஒரு விஷயம் தெரியும். கடலும் காற்றும் அடித்ததெல்லாம் நவம்பர், டிசம்பர். உப்பளத்தில் வேலை தை மாதத்துக்குப் பிறகு தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். அக்டோபர் வந்தால் பாத்தி மழைநீரில் கரைந்துவிடும், கூலி நின்றுவிடும். மீன்பிடிப்பும் புயல் எச்சரிக்கையில் அடிக்கடி நிற்கும். ஆக, நினைவு அதிகமாகக் குத்தும் மாதங்களும் கையில் வேலையும் காசும் இல்லாத மாதங்களும் ஒன்றாக வருகின்றன. பிடிஎஸ்டியை நினைவு நாள் கிளறும். மனச்சோர்வை வேலையில்லா நாள் வளர்க்கும். ஒரே உடம்பில் இரண்டு நோய் என்று புத்தகம் சொல்வது இந்தக் கரையில் ஒரே பருவத்தில் இரண்டு நோயாகவும் வருகிறது.

மழைக்கால வருமான இழப்புக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. கடற்கரைக்கு இது சின்ன விஷயமல்ல. மனநலப் பக்கத்திலும் 2004க்கு இன்று எவ்வளவோ மேல். மாவட்ட மனநலத் திட்டம் விரிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமை என்று சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இனி சேர்க்க வேண்டியது பெரிய மருத்துவமனை அல்ல. மழைக்காலத்து மூன்று மாதமும் குப்பத்துக்கும் அளத்துத் தொழிலாளர் தெருவுக்கும் போய், மாத்திரை சாப்பிடுகிறாரா, தூக்கம் வருகிறதா, கரைப்பக்கம் போனாரா என்று கேட்கும் ஒரு ஊர்க்காரர். அவருக்கு மாதச் சம்பளம், பயிற்சி, மேலே கூப்பிட்டால் பேச ஒரு மனநல மருத்துவர். கோவாவில் காட்டிய வழி இதுதான்.

ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் தமிழகக் கரையோரம் மக்கள் கடலில் பால் ஊற்றி, பூத் தூவி அழுகிறார்கள். அன்றைக்குப் பக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு, டிசம்பர் 27இல், மழையில் கரைந்து கிடக்கும் பாத்திகளுக்கு நடுவே வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் யார் பேசுகிறார்கள் என்பதில்தான் மாத்திரையும் பேச்சும் சேருமா சேராதா என்பது இருக்கிறது.